ஏழு நாள் விடுமுறையும் ஒரு சைக்கிளும்

ரயில் நிலையத்தின் பயணச் சீட்டுச் சாளரத்துக்கு உட்புறம் அமர்ந்திருப்பவனுக்கு உலகம் முழுவதும் எங்கோ புறப்பட்டுக்கொண்டே இருப்பதாகத் தோன்றும். பழனிக்கு ஒருவர், வேளாங்கண்ணிக்கு ஒருவர், பெண் பார்க்க ஒருவர், பேரனைப் பார்க்க ஒருவர் என்று நாள் முழுவதும் கை நீட்டிக்கொண்டிருப்பார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர்களை வழியனுப்பும் பணியைச் செய்துவருகிறேன். எனக்கென்று ஆண்டுக்கு ஒரு முறை ஒரு வாரம் தொடர்ந்து விடுமுறை கிடைக்கும். அந்த வாரத்தை நான் செலவிட்ட வழி இதுவரை ஒன்றேதான். மட்டாஞ்சேரி வீட்டைப் பூட்டிக்கொண்டு, மனைவி மகனுடனும் தந்தையாருடனும் பாலருவி ரயில் ஏறி, ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து, தென்காசியில் இறங்கி எங்கள் சிற்றூருக்குப் போவோம். வீட்டைப் பெருக்குவதற்கும், உறவினர் வீடுகளில் காப்பி குடிப்பதற்கும், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதற்கும் நாட்கள் சரியாகிவிடும்.

சென்ற ஆண்டு பாகப் பிரிவினை நடந்தது. சண்டை ஒன்றும் இல்லை. ஐந்து பங்காளிகளுக்கு ஒரு சிறு வீட்டைப் பிரிக்க இயலாது. ஆகவே வீட்டை விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொண்டார்கள். தந்தையார் கையெழுத்திட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அன்று முதல் ஊர்ப் பேச்சை அவர் எடுத்ததில்லை. பிறந்த மண்ணை விட்டு வந்து பிழைக்கும் நம் சங்கத்து அன்பர்களுக்கு அந்த மௌனத்தின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. இவ்வாண்டு தை மாதக் கடைசியில் எனக்கு விடுமுறை கிடைத்தபோது, போவதற்கு ஒரு வாசற்படி இல்லாதவனாக நின்றேன்.

“வீட்டிலேயே இருந்து ஓய்வு எடுங்களேன்” என்றாள் என் மனைவி. ஓய்வு என்பது நாள் முழுவதும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதாக முடியும் என்பதை இருவருமே அறிவோம். அப்போதுதான் திண்ணை ஓரத்தில் கோணி போர்த்து நின்ற தந்தையாரின் சைக்கிள் என் கண்ணில் பட்டது. மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆயினும் கொச்சியைச் சுற்றியுள்ள தீவுகளில் பாதியைக் கண்டதில்லை. ஏழு நாளில், நாளுக்கு ஒரு திசையாக, காலையில் சென்று மாலைக்குள் வீடு திரும்பும் வகையில் சைக்கிளில் சுற்றி வந்தால் என்ன என்று தோன்றியது.

அந்தச் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு நிறம், 28 அங்குலச் சக்கரம், தோல் இருக்கை, அகலமான இரும்புக் கேரியர். 1949-இல் சென்னையில் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையில் உருவான ஹெர்குலிஸ் வண்டி அது. தந்தையார் 1979-இல் கொச்சிக்கு வந்து, முறுக்கும் சீடையும் சுட்டுத் தகர டின்களில் அடைத்து, அந்தக் கேரியரில் கட்டிக்கொண்டு தேநீர்க் கடைகளுக்குப் போட்டு வந்தார். என் பத்தாம் வகுப்புப் படிப்பும், அதன் வழியே வந்த உத்தியோகமும் அந்தக் கேரியரில் ஏறி வந்தவையே. முழங்கால் வலி வந்தபின் அவர் வண்டியைத் தொடவில்லை. அதைச் சைக்கிள் கடைக்குத் தள்ளிச் சென்று, முழுவதும் கழற்றி மசகிட்டுப் பூட்டச் செய்தேன். டயர், டியூப், பிரேக் கட்டை மூன்றும் புதியன. சக்கரத்தின் கோட்டத்தையும் எடுத்துக் கொடுத்தார்கள். கடைக்காரர் மணியை ஒரு முறை அடித்துப் பார்த்துவிட்டு, “இது இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓடும்” என்றார்.

அடுத்தது திட்டம். ரயில்வேக்காரனுக்குக் கால அட்டவணை இல்லாமல் கை ஓடாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், புறப்படும் நேரம், நிற்கும் இடம், திரும்பும் நேரம் என்று கட்டம் போட்டேன். என் கணக்கு எளியது. கனத்த பழைய வண்டி மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்று நம்பக் கூடாது. பழக்கமில்லாதவன் முதல் நாள் 10, பிறகு 20, பிறகு 40 என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். கடினமான நாளுக்கு மறுநாள் ஓய்வு நாளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வழிக்கும் ‘இதற்கு மேல் போகாதே’ என்று ஓர் எல்லைநேரம் குறித்துக்கொள்ள வேண்டும். இடத்தை அடைந்தாலும் அடையாவிட்டாலும் அந்த நேரத்தில் வண்டியைத் திருப்பிவிட வேண்டும். இரண்டு புட்டித் தண்ணீர், ஒரு பொட்டலம் புளிச்சோறு, காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், தலைக்கு ஒரு துண்டு. இவ்வளவே ஆயத்தம்.

நோட்டைத் தந்தையாரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். “எல்லாம் எழுதியிருக்கிறாய். காற்றை எழுதவில்லையே, ஐயா!” என்றார். பின்னர் விளக்கினார். இந்தப் பருவத்தில் விடியற்காலையில் கரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். அது சைக்கிளுக்குத் தடை செய்யாது. வெயில் ஏறித் தரை சூடானதும் கடற்காற்று புறப்படும். இந்தக் கரையில் அது பெரும்பாலும் வடமேற்கிலிருந்தே வரும். ஆகவே வடக்கே போகிறவன் காலையில் போய்ப் பிற்பகலில் திரும்பினால் காற்று முதுகைத் தள்ளும். தெற்கே போகிறவன் உச்சிவேளைக்கு முன்பே வீடு வந்துவிட வேண்டும். இல்லையேல் காற்று மார்பைப் பிடித்துத் தள்ளும். “வடக்கு வழிக்குத் திங்களும் வியாழனும், தெற்கு வழிக்குச் செவ்வாய். முப்பது வருஷம் அப்படித்தான் போனேன்” என்றார். தரையும் கடலும் சூடேறும் வேகம் வேறுபடுவதால் காற்று திசை மாறுகிறது என்று நான் பள்ளியில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனால் அது முழங்காலுக்குத் தெரிய வேண்டிய பாடம் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

திங்கட்கிழமை ஊருக்குள்ளேயே சுற்றினேன். தினமும் கடந்து போகும் மட்டாஞ்சேரி அரண்மனையைப் போர்ச்சுகீசியர் 1555-இல் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தார்கள். டச்சுக்காரர் பின்னர்ப் பழுது பார்த்ததால் ‘டச்சு அரண்மனை’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அதன் அண்டையில் 1568-இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம் இருக்கிறது. மிளகு, சுக்கு மணக்கும் சந்துகளைத் தாண்டி ஃபோர்ட் கொச்சிக்குப் போனால் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503-இல் மரத்தால் தொடங்கப்பெற்றுப் பின்னர்க் கல்லால் கட்டப்பட்டது. 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் இங்கேதான் அடக்கம் செய்தார்கள்; எலும்புகளைப் பிறகு போர்ச்சுகலுக்கு எடுத்துச் சென்றார்கள். அவரும் தம் ஊருக்குத் திரும்ப நெடுங்காலம் காத்திருந்தார் போலும்! டச்சுக்காரர் 1663 முதல் 1795 வரை இங்கே ஆண்டார்கள். இன்று அவர்கள் நாட்டில் மனிதரைவிடச் சைக்கிள்கள் அதிகம். அவர்கள் இருந்த தெருவில் நான் சைக்கிள் மிதிப்பதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

திரும்பும் வழியில் வெளி என்னும் பகுதியில் உள்ள சலவைத் துறையில் இறங்கினேன். வரிசை வரிசையான சிமெண்டுத் தொட்டிகள்; கயிறு முறுக்கிக்குள் ஊக்கில்லாமல் செருகப்பட்டு ஆடும் வெள்ளைத் துணிகள். டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் குடும்பங்களின் வழிவந்தவர்கள் என்று அங்குள்ளோரைச் சொல்வார்கள். ஒரு முதியவர் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, “எந்த ஊர், தம்பி?” என்று தமிழில் கேட்டார். “மட்டாஞ்சேரி” என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்து, “அது தெரிகிறது, ஊர் எது?” என்றார். தென்காசிப் பக்கம் என்று சொன்னேன். சொல்லும்போதே தொண்டையில் ஏதோ தடுக்கியது.

செவ்வாய்க்கிழமை தோப்பும்படிப் பழைய பாலத்தைக் கடந்து வெல்லிங்டன் தீவுக்குச் சென்றேன். இது கடலடி மண்ணால் ஆன தீவு. 1920-இல் இங்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்தில் மரக்கலங்களுக்குத் தடையாக நின்ற மணல்திட்டை வெட்டி வழி செய்தார். தூர்வாரிய மண்ணைக் கொட்டியே இத்தீவை ஆக்கினார்கள். 1928 மே 26-இல் ‘பத்மா’ என்ற கப்பல் உள்ளே நுழைந்தது. என் போன்ற ரயில்வேக்காரனுக்கு அங்கே பார்க்க வேண்டியது துறைமுக முனை நிலையம். கப்பலும் ரயிலும் கைகுலுக்கிய இடம் அது. பயணிகள் வண்டி நின்று நெடுங்காலம் ஆனது. மேடையில் சிறிது நேரம் தனியாக நடந்தேன். 1902-இல் ஷொறணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் பாதை வந்தபோது, அதன் செலவுக்காகக் கொச்சி மன்னர் ராமவர்மா திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றார் என்பார்கள். பொன்னை விற்று வாங்கிய பாதையில்தான் நாம் எல்லாரும் பிழைக்க வந்தோம் என்று எண்ணினேன். தீவை அடுத்த வாத்துருத்தியில் கூலி வேலைக்கு வந்த நம்மவர்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள். அங்கே ஒரு கடையில் தோசை தின்றேன். சாம்பாரில் பருப்பு குறைவு. பேச்சில் தமிழ் நிறைவு.

புதன்கிழமை தெற்கு வழி. பள்ளுருத்தி, பெரும்படப்பு வழியாகக் கும்பளங்கியை அடைந்தபோது ஏழரை மணி. சாலையின் இரு பக்கமும் தண்ணீர். வயல்கள்தாம் அவை, ஆனால் நெல் இல்லை. பொக்காளி என்னும் உப்பு தாங்கும் நெல்லை மழைக்காலத்தில் விதைத்து ஐப்பசி வாக்கில் அறுப்பார்கள். கதிரை மட்டும் கொய்துகொண்டு தாளை நீரிலேயே விட்டுவிடுவார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதே வயலில் இறால் வளரும். அழுகும் தாள் இறாலுக்கு உணவு, இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். உரமூட்டை வாங்காமல் விளையும் இந்நெல்லுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு மதகின் ஓரத்தில் கொக்குகள் நிற்பதைப் பார்த்துக்கொண்டு கையோடு கொண்டுபோன சோற்றை உண்டேன். அந்த வேளையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அங்கிருந்து மேற்கே கண்டக்கடவுக்கு வந்து கடலோரமாகச் செல்லானம் வரை சென்றேன். மழைக்காலத்தில் கடல் வீட்டுக்குள் புகும் ஊர் இது. 2017-இன் ஓக்கிப் புயலும் 2021 மே மாதத்தின் டவ்தே புயலும் இங்கே செய்த அழிவைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அதன் பிறகு நான்கு கால் கொண்ட பெரிய சிமெண்டுக் கட்டிகளை அடுக்கி ஏழு கிலோமீட்டருக்கும் அதிகமாகச் சுவர் எழுப்பினார்கள். சுவரின்மேல் ஏறி நின்று கடலைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே எல்லைநேரத்தை மறந்தேன். பத்து மணிக்குத் திரும்ப வேண்டியவன் பதினொன்றரைக்குப் புறப்பட்டேன்.

அரை மணி நேரத்தில் தந்தையாரின் காற்று வந்தது. நேர் எதிரே நின்று அழுத்தியது. பெடலில் எழுந்து நின்று மிதித்தாலும் வண்டி நடையின் வேகத்தில்தான் போயிற்று. கண்ணமாலிக்கு அருகே பின் சக்கரம் பஞ்சர். ஒட்டும் சாமான் இருந்தது; ஆனால் பசைக் குழாய் உலர்ந்து கல்லாகியிருந்தது. வாங்கியபோதே நான் திறந்து பார்த்திருக்க வேண்டும், குற்றம் என்னுடையதே. தென்னை நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து போய்த் தம் மகனின் சைக்கிளுக்கு வைத்திருந்த பசையைக் கொண்டுவந்தார். நான் ஒட்டுவதைப் பொறுக்காமல் தாமே ஒட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. வீடு சேரும்போது மணி மூன்று. “காற்று சொன்னதா?” என்று மட்டும் கேட்டார் தந்தையார்.

வியாழன் ஓய்வு. செயினுக்கு எண்ணெய் இட்டுக்கொண்டிருந்தேன். தந்தையார் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வெள்ளிக்கிழமைக்கு நான் குறித்திருந்த வடக்கு வழியைக் கேட்டார். வைப்பின், நாயரம்பலம், எடவனக்காடு, செறாய் என்று நான் ஊர் சொல்லச் சொல்ல, ஒவ்வோர் ஊரிலும் இருந்த தேநீர்க் கடையை அவர் சொன்னார். எந்தக் கடையில் ரொக்கம், எந்தக் கடையில் கடன், எவர் டின்னைக் கழுவித் திருப்பித் தருவார், 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை எடவனக்காட்டுக்குள் புகுந்தபின் எந்தக் கடை திறக்கவே இல்லை என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தன. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “செறாயில் கடல் நன்றாக இருக்குமாமே?” என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். “நீங்கள் பார்த்ததில்லையா, அப்பா?”

“கடைத்தெருவிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே போக வேண்டும். கடைத்தெரு வரை எனக்கு வேலை இருந்தது. கடல் வரை வேலை இல்லை” என்றார். குறைபட்டுக்கொள்ளும் குரலில் சொல்லவில்லை. கணக்குச் சொல்லும் குரலில் சொன்னார். வாரத்துக்கு இரண்டு நாள், முப்பது ஆண்டு. மூவாயிரம் முறை அவர் அந்தத் திருப்பத்தில் வண்டியைத் திருப்பியிருக்கிறார்! நோட்டை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் எழுதியிருந்த ‘ஓய்வு’ என்ற சொல்லை அடித்தேன்.

வெள்ளிக்கிழமை என் நெடும்பயணம். விடியுமுன் ஃபோர்ட் கொச்சித் துறைக்குச் சென்று, மோட்டார் வண்டிகளோடு சைக்கிளையும் ஏற்றிச் செல்லும் ஜங்காரில் வைப்பின் தீவுக்குக் கடந்தேன். தீவின் நீளம் சுமார் 25 கிலோமீட்டர். 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தை மண் மூடச் செய்து, கொச்சியில் புதிய வாயிலைத் திறந்தது என்றும், அப்போது எழுந்த தரையே வைப்பின் என்றும் சொல்லப்படுகிறது. செறாயில் கிழக்கே திரும்பிப் பறவூரை அடைந்து, பட்டணம் என்னும் சிற்றூரைக் கடந்தேன். 2007 முதல் அங்கே அகழ்ந்தபோது உரோமானியரின் மதுச்சாடித் துண்டுகளும் கல்மணிகளும் கிடைத்தன. யவனர் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிச் சென்ற முசிறியைச் சங்கப் புலவர் பாடியிருக்கிறார்களே, அது இந்த ஊரை ஒட்டியே இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இன்று அங்கே வாழைத் தோட்டமும் ஓட்டு வீடுகளும் இருக்கின்றன.

கோட்டப்புரம் பாலத்தைக் கடந்து கொடுங்கல்லூரை அடைந்தபோது நாற்பது கிலோமீட்டர் ஆகியிருந்தது. முதலில் திருவஞ்சைக்களம். தேவாரப் பாடல் பெற்ற தலங்களில் மலைநாட்டில் உள்ளது இது ஒன்றே. சுந்தரரும் அவர் நண்பர் சேரமான் பெருமாளும் இங்கிருந்து கயிலைக்குச் சென்றதாகப் பெரியபுராணம் கூறும். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வியர்வையோடு அந்தக் குளிர்ந்த கல்தரையில் நின்றேன். பிறகு பகவதி கோயில். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோயில் இதுவே என்று ஒரு மரபு உண்டு. வஞ்சி மாநகர் இதுவா, கருவூரா என்று அறிஞர் வாதிடுவர். அந்த வாதத்தில் தலையிட நான் படித்தவனல்லன். மதுரையில் கணவனை இழந்தவள் மலைநாட்டுக்கு நடந்து வந்தாள் என்பது மட்டும் எனக்குப் போதும்.

கோயில் எதிரே மர நிழலில் அமர்ந்தபோது ஒன்று விளங்கிற்று. துறைமுகமே இங்கிருந்து கொச்சிக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. அதன் பின்னால் வணிகர், அவர் பின்னால் சுமை தூக்குவோர், சலவை செய்வோர், முறுக்குச் சுடுவோர் எல்லாரும் வந்திருக்கிறார்கள். நான் ‘வந்தேறி’ என்று கூச்சப்பட்டுக்கொண்டு வாழும் ஊரும் ஒரு வகையில் வந்தேறிய ஊரே. சலவைத் துறை முதியவர் என் ஊரைக் கேட்டபோது தொண்டையில் தடுக்கியது அப்போது சற்றே இளகிற்று. பிற்பகல் ஒரு மணிக்குப் புறப்பட்டேன். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தது. ஆறு மணிக்குள் வீட்டில் இருந்தேன். கால்கள் மட்டும் என்னுடையவை அல்ல போல் இருந்தன.

சனிக்கிழமை இரவு ஞாயிற்றுத் திட்டம் நிறைவேறியது. தந்தையாரும் மகனும் வைப்பினிலிருந்து பஸ்ஸில் வருவது. நான் சைக்கிளில் செல்வது. “அப்படியானால் எனக்கு ஒரு வாடகைச் சைக்கிள் எடுங்கள்” என்றாள் மனைவி. நான் தயங்கினேன். இருபது கிலோமீட்டர் அல்லவா? அவள் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண். 1991-92-இல் அறிவொளி இயக்கம் அங்கே பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தது. பல்லாயிரம் பெண்கள் பழகினார்கள். அவர்களில் என் மாமியாரும் ஒருவர். “எங்கள் அம்மா என்னைக் கேரியரில் வைத்துச் சந்தைக்கு மிதித்தவள். நான் ஜங்கார் வரை வந்து திரும்பிவிடுவேன் என்றா நினைத்தீர்கள்?” என்றாள். மறுத்துப் பேச வழியில்லை. திருமணமாகிப் பதினோரு ஆண்டுகளில் அவள் சைக்கிள் மிதித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் அது கடைத்தெரு வரைக்குமான வேலையாகவே இருந்திருக்கிறது.

ஞாயிறு காலை நால்வரும் ஒரே ஜங்காரில் கடந்தோம். தாத்தாவும் பேரனும் பஸ் ஏறினார்கள். நாங்கள் மெல்ல மிதித்தோம். அவள் என்னைவிட நேராக ஓட்டினாள். இரண்டு இடங்களில் எனக்காக நின்றாள். செறாய்த் தேவஸ்வம் நடையில் நாங்கள் இறங்கியபோது தந்தையார் ஒரு தேநீர்க் கடை வாசலில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். கல்லாவில் இருந்தவர் பழைய முதலாளியின் மகன். “மட்டாஞ்சேரி அண்ணாச்சியல்லவா!” என்று அவரே அடையாளம் கண்டுகொண்டாராம். தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். “பள்ளிக்கூடம் விட்டு வந்து உங்கள் டின்னில் கை விட்டதற்கு எத்தனை காசு தர வேண்டுமோ!” என்றார் மலையாளத்தில். தந்தையார் நெடுநாளைக்குப் பின் வாய்விட்டுச் சிரித்தார்.

கடற்கரைக்கு ஆட்டோவில் அவரை அனுப்பிவிட்டுப் பின்னால் சென்றோம். ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல். இடையில் ஒரு சாலை அகலமே தரை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேரன் கையைப் பிடித்து அவர் நீர் விளிம்பில் நின்றார். அலை வந்து கணுக்காலை நனைத்துவிட்டுப் போயிற்று. வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “இவ்வளவு பக்கத்திலா இருந்தது!” என்றார்.

மணலில் அமர்ந்து புளிச்சோறு உண்டபோது, அவரே ஊர் வீட்டைப் பற்றிப் பேசினார். முற்றத்து வேம்பை வாங்கியவர் வெட்டாமல் இருக்கிறாராம். பங்காளி ஒருவர் போனில் சொன்னாராம். ஓராண்டாகச் சொல்லாமல் வைத்திருந்த செய்தி. மகன் நடுவில் புகுந்து, “தாத்தா, நம் ஊர் தென்காசியா, கொச்சியா?” என்று கேட்டான். நான் என்ன விடை சொல்லலாம் என்று யோசித்தேன். அவர் யோசிக்கவில்லை. “அங்கே வேம்பு இருக்கிறது. இங்கே கடல் இருக்கிறது. இரண்டும் உனக்குத்தான்” என்றார்.

என் கணக்கு நோட்டின்படி ஏழு நாளில் மிதித்தது ஏறத்தாழ 190 கிலோமீட்டர். சைக்கிள் பழுது பார்ப்பு நீங்கலாக, நால்வரும் தென்காசி போய்வரும் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இதைப் படிக்கும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறிது. ஊருக்குப் போக வாசற்படி உள்ளவர்கள் தவறாமல் போய் வாருங்கள். போக இயலாத விடுமுறையில் வீட்டில் முடங்காமல், இருக்கும் ஊரில் ஒரு திசையைத் தேர்ந்து, காற்றைக் கேட்டு, எல்லைநேரம் குறித்துக்கொண்டு புறப்படுங்கள். பசைக் குழாயைத் திறந்து பார்த்து வாங்குங்கள். வீட்டில் முதியவர் இருந்தால், தினமும் போய் வந்த வழியில் அவர் பார்க்காமல் விட்டது எது என்று ஒரு முறை கேளுங்கள்.

திங்கட்கிழமை மறுபடியும் சாளரத்தில் அமர்ந்தேன். பழனிக்கு ஒருவர், வேளாங்கண்ணிக்கு ஒருவர். மாலையில் வீடு திரும்பியபோது தந்தையார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். “பள்ளிப்புரத்தில் போர்ச்சுகீசியர் கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறதாமே? 1503 என்று உன் பையன் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அந்த வழியில் எனக்கு இரண்டு கடை இருந்தது. கோட்டையைப் பார்த்ததில்லை” என்றார். நோட்டை எடுத்து வந்து புதிய பக்கத்தில் கட்டம் போட்டேன்.